அம்மாவின் குக்கரும் பிஜுவின் பாட்டும்

இன்று சாயங்காலம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தம்பானூரில் பிஜுவின் நாடன் பாட்டு (மலையாள நாட்டுப்புறப் பாட்டு) குழு நடத்திய நிகழ்ச்சிக்குப் போனேன். பிஜு என்னோடு கல்லூரியில் படித்தவன்.

செண்டை, உடுக்கையோடு ஒரு பழைய அமெரிக்க கண்ட்ரி பாட்டைப் பாடினார்கள். அருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒருவன் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பாட்டில் விசிலே கிடையாது. அப்பா இருந்தபோது, ரேடியோ முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து அதைப் பதிவு செய்தார். அடுக்களையில் எங்கள் குக்கர் கத்தியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. ஒரு வாரத்தில் தருகிறேன் என்று பிஜு வாங்கிப்போன கேசட் அது. பிறகு கேட்டால், தொலைந்துவிட்டது என்றான்.

பாட்டு முடிந்ததும் பிஜு மைக்கைப் பிடித்தான்.

"இது எண்டெ அச்சன் ரெக்கார்ட் செய்த பாட்டாணு. ஆ விசில் எண்டெ அம்மேடெ குக்கராணு."

ஒரே கைதட்டல்.

மேடைக்குப் பின்னால் போய் அவனைப் பிடித்தேன். "டேய், அது எங்கப்பாடா!"

"அளியா, ஸ்டேஜில் அங்ஙனெ பறஞ்ஞாலே ஒரு ஃபீல் உள்ளு" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான். மேடையில் அப்படிச் சொன்னால்தான் ஒரு ஃபீல் வருமாம்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்டா அந்தப் பிள்ளை. அவா ஆத்துலயும் நம்மளாட்டம் மூணு விசில்தான் போலிருக்கு."

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவா, வேண்டாமா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

பிஜுவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாராளமாகத் திட்டலாம்.