கையில் பாவு, ஜன்னலில் கேமரா

மெஸ் நண்பர்களுக்கு,

லீவு போட்டு, தனியாக ஊர் சுற்றிப் படம் எடுக்கப் போகிறேன் என்று பீற்றிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தேனில்லையா? இன்று காலை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தறியில் ஏற்றவிருக்கும் பட்டு நூல், வெயிலில் மின்னியது. கேமராவைத் தூக்கினேன்.

ஒரு முனையில் நூல் கோத்த கழியைப் பிடித்திருந்த அம்மாள், "தம்பி, குழாயில தண்ணி வந்துடுச்சி. இத்த கொஞ்சம் புடிச்சிக்கினு இருப்பா, தோ வந்துடறேன்" என்றாள். பதில் சொல்வதற்குள் கழி என் கையில், கேமரா அவள் வீட்டு ஜன்னலில்.

மறுமுனையிலிருந்து அவள் புருஷன் குரல் கொடுத்தார்: "தளர வுட்டுடாதபா. அத்தினியும் சிக்கிக்கும்."

அரைமணி நேரம். மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை. எதிரே கோபுரத்தின் மேல் அருமையான வெளிச்சம் வந்தது, போயும் போய்விட்டது.

அப்போது ஒரு வெள்ளைக்காரர் வந்தார், கழுத்தில் கேமராவோடு. வேட்டியை மடித்துக் கட்டி நின்ற என்னை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை இல்லை.

எந்த ஆல்பத்திலாவது மூக்கைச் சுளித்தபடி நிற்கும் காஞ்சிபுரத்து நெசவாளி கண்ணில் பட்டால் எழுதுங்கள். இந்த லீவில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்.