எல்லைக் கால்வாயில் சித்தி

ஜொகூர் பாருவில் கண் டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு படம். மரங்களுக்கு நடுவில் இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள், முகமெல்லாம் பச்சை.

"என்னம்மா இது, பேய் மாதிரி!" என்று மகள் சிரித்தாள்.

ரப்பர் மரத்தடியில் இலை வழியே விழும் வெளிச்சத்தில் எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும். சொல்லக் கூச்சமாக இருந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, ரப்பர் தோட்டங்களில் வேலை குறைந்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அம்மாவின் தங்கையை, என் சித்தியை, இந்தியாவுக்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். புறப்படும் அன்று இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஓடும் எல்லைக் கால்வாயில் பார்த்துக்கொள்வதாக அம்மாவும் அவளும் பேசிவைத்தார்கள். கடிகாரம் ஏது? மரங்களில் பால் வெட்டி முடித்து, வடிந்த பாலை எடுக்கப் போவதற்கு முன்னால் என்பதுதான் நேரம்.

அன்று விடியலில் மழை. மரப்பட்டை காய்ந்தபிறகே அம்மா வெட்ட ஆரம்பித்தாள். சித்திக்குத்தான் வேலை போய்விட்டதே. மழையை நினைக்காமல், எப்போதும் வெட்டி முடிக்கிற நேரத்துக்கே வந்து நின்றிருக்கிறாள்.

வெட்டி முடித்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். அக்கரையில் யாரோ ஒரு பெண்தான் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"லாரி போயிருச்சுக்கா. ஒங்க தங்கச்சி ரொம்ப நேரம் நின்னு பாத்துச்சு. அக்காவுக்கு எம்மேல கோவம் போலன்னு அழுதுகிட்டே போச்சு."

மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் உறைந்துவிடும் என்று அம்மா திரும்பி நடந்தாள். சித்தியிடமிருந்து அப்புறம் ஒரு சேதியும் வரவில்லை.

இதை மகளிடம் மெல்லச் சொன்னேன்.

"சித்தி பேரு என்னம்மா? தேடிப் பாக்கலாம் லா."

அம்மா அவளைப் பாப்பா என்பாள். நான் சித்தி என்பேன். அவள் பேர் தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.