அணைத்துவிட்டுக் கேட்பவர்

பழவேற்காடு கடைத்தெருவில் படகு எஞ்சினும் மரம் அறுக்கும் மெஷினும் ரிப்பேர் செய்பவர் அவர். மெலிந்த ஆள், முழங்கைவரை கறுப்பு ஆயில். நான் கொண்டுபோன மரம் அறுக்கும் மெஷினில் தங்கியிருந்த பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்புரேட்டரைக் கழுவினார். கயிற்றை ஒரே இழுப்பு, உறுமியது. உடனே அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

"நல்லாதானே ஓடுது, ஏன் நிறுத்தினீங்க?"

"புயலப்போ பக்கத்து ஊட்டு மேல சவுக்கு மரம் சாஞ்சிடுச்சு சார். என் மெஷின்ல ஆறு மாசத்துப் பெட்ரோல் அப்டியே கெடந்துது. இழுக்க இழுக்க ஸ்டார்ட் ஆவல. உள்ளேர்ந்து கூப்டுனே இருந்தாங்க. ஒருவழியா ஸ்டார்ட் ஆச்சு, அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அறுத்து முடிச்சு நிறுத்துனேன். கூப்புடுறதும் நின்னுபோயிருந்துச்சு."

நேற்று வீட்டில் வேப்பங்கிளையை அறுக்கையில் நானும் பாதியில் மெஷினை அணைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் மறுபடி கயிற்றை இழுக்கக் கை எழவில்லை.