பக்கத்து வீட்டில் ரிக் வண்டி

போன சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் மூன்று நாடுகள் கூடியிருந்தன. லேப்டாப்பில்தான்! ஃபிஜியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சில பிள்ளைகள். இந்தப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி. பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்த ஆன்லைன் சந்திப்பு. 'உங்கள் ஊரில் எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?' — இதுதான் தலைப்பு.

ஃபிஜியில் கடலோரத்தில் இருக்கும் லித்தியா என்ற பெண் சொன்னாள்: "கடல் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுப் போகிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது." ஜெர்மன் பையன் ஒருவன், ஒருமுறை ஆறு வீட்டுக்குள் புகுந்ததிலிருந்து மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது என்றான்.

எனக்குக் கடலும் இல்லை, ஆறும் இல்லை. ஆனாலும் காலையிலிருந்தே எனக்கும் ஒரு பயம். காரணம், பக்கத்து வீட்டு சரவணன்.

அவருடைய போர்வெல் வற்றிப் பல மாதமாகிறது. லாரித் தண்ணீரிலேயே காலம் தள்ளியவர், அன்று விடிந்ததும் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்துவிட்டார். எங்கள் போர்வெல்லைவிட ஆழமாக இறங்கப் போகிறாராம். நடுவில் இருப்பது ஒரே ஒரு காம்பவுண்டு சுவர். அவருக்குக் கீழே தண்ணீர் கிடைத்தால் எங்களுக்கு மேலே வற்றிவிடும்... இங்கே வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யாழினியின் முறை வந்தது. எங்கள் ஊர் ஏரியில் சேரும் குப்பை பற்றிப் பேசத் தயாராகியிருந்தாள். ரிக் சத்தத்தில் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே நானும்.

கீழே ஒரே வெள்ளைப் புழுதி. "தீப்பிடித்துவிட்டதா?" என்று பதறினாள் லித்தியா. "இல்லை, பக்கத்து வீட்டில் போர் போடுகிறார்கள். பாறையை உடைக்கிற தூள். தண்ணீர் வந்தால் சேறாகும்" என்றாள் யாழினி.

"அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கட்டும்" என்று லித்தியா கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தால், திரையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடியிருந்தார்கள்.

நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன் — கிடைக்கவே கூடாது என்று!

கடவுள் பிள்ளைகள் பக்கம் சாய்ந்துவிட்டார். புழுதி அடங்கியது, சேறு வந்தது, அப்புறம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சரவணனின் மனைவி சுமதி நனைந்தபடியே எங்கள் மாடியைப் பார்த்து அழுதார். "யாழினி, சாமி, தண்ணி வந்திருச்சு பாரு!" லேப்டாப்பில் ஒரே கைதட்டல்.

கைதட்டல் நடுவே லித்தியா கேட்டாள்: "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எங்கள் வீட்டுக்கு அடியிலிருந்தும் இருக்கலாம்."

கைதட்டல் நின்றுவிட்டது.

அவர்களுக்குக் கடலைப் பார்த்துப் பயம், ஆற்றைப் பார்த்துப் பயம். நமக்கு? பக்கத்து வீட்டைப் பார்த்து! கடலையாவது நாலு திட்டுத் திட்டலாம். சரவணன் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான்... அவரை என்னவென்று திட்டுவது? அவர் இடத்தில் இருந்தால் நானும் ரிக்கைத்தானே கூப்பிட்டிருப்பேன்?

அன்றிலிருந்து காலையில் மோட்டார் சுவிட்சைப் போடவே பயம். நேற்றும் பயந்துகொண்டேதான் போட்டேன். குழாய் இருமியது. கொஞ்சம் தண்ணீர், நிறையக் காற்று. அப்புறம் வெறும் காற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுவிட்டது போலிருக்கிறது. சரவணன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, மோட்டார் காத்து வாங்குதாட்ட இருக்குதுங்க? ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க. நம்ம போர்ல இருந்து ஓஸ் பைப்பு போட்டுத் தாரேனுங்க."

தேங்க்ஸ் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.