ஜெபராணி சுற்றிய வயர்ச் சரம்

ஆரணியில் பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சாலமோனின் கார் வயரிங் கடைக்கு வழி சொல்வார்கள். கரண்ட் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதை சாலமோன் பார்த்துக்கொள்வார். அந்த வயர்களை ஒரு சரமாகச் சேர்த்து, வளைவுக்குத் தகுந்தபடி படுக்கவைத்து, துணி டேப் சுற்றி, கிளிப் போட்டு நிறுத்துவது அவர் மனைவி ஜெபராணி.

கால் வலியால் தறியில் உட்கார முடியாமல் போன பிறகு, மத்தியானச் சாப்பாடு கொண்டுவரத்தான் அவள் முதலில் கடைக்கு வந்தாள். ஒருநாள் அவர் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து, "இன்னாங்க இது, புண்ணுக்குக் கட்டு போட்டாமேரி கீது" என்று சொல்லிப் பிரித்துவிட்டு, தானே சுற்றினாள். அதன் பிறகு அவர் டேப்பைத் தொடவே இல்லை. சூடான எஞ்சின் பக்கம் வயர் போகக்கூடாது, தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் புஷ் இல்லாமல் விடக்கூடாது என்று அவரிடமே கற்றுக்கொண்டு, அவர் மறந்தால் அவரையே அதட்டுவாள்.

போன வருஷம் களம்பூர் ரைஸ்மில் முதலாளி தணிகாசலம் தன் அப்பாவின் மோரிஸ் மைனரை லாரியில் ஏற்றி அனுப்பினார். மில் குடோனில் கிடந்த வண்டி. எலிகள் வயரை ஒன்று விடாமல் கடித்திருந்தன. பேத்தி காவ்யாவின் கல்யாணத்தில் பெண்ணை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்பது அவர் ஆசை.

வேலை பாதியில் இருக்கும்போது ஜெபராணிக்கு வயிற்றில் வலி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கேன்சர், ரொம்பப் பரவிவிட்டது என்றார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மறுநாளும் அவள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றினாள். வீட்டில் படுத்திருந்தால் நினைப்பு எங்கெங்கோ போகிறது என்றாள். டேஷ்போர்டின் பின்னாலிருந்து கதவோரமாக வண்டியின் பின்பக்கம் வரை போகும் பெரிய சரத்தை அவள் முடித்தாள். முன்பக்க லைட்டுகளுக்கானதைத் தொடங்குவதற்குள் படுத்துவிட்டாள். தை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது இறந்துபோனாள்.

சாலமோன் மில்லுக்குப் போய், வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார். தணிகாசலம் வற்புறுத்தவில்லை.

"உன் இஷ்டம் சாலமோன். ஆனா வேற எவனாச்சும் வந்தா, அந்தம்மா சுத்தினத பிரிச்சிப் போட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பான். அது உனக்கு சம்மதமா?"

சாலமோன் திரும்பி வந்து, முன்பக்கத்தைத் தனியாகவே செய்து முடித்தார்.

எல்லா லைட்டும் எரிந்தன. முதலாளியின் டிரைவர் ஜெயக்குமார் பைக்கில் பின்னால் வர, சாலமோன் கண்ணமங்கலம் வரை வண்டியை ஓட்டிப் பார்த்தார். போகும்போது எரிந்த பிரேக் லைட் வரும்போது எரியவில்லை என்றார் ஜெயக்குமார். டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடியதில், பெடல் பக்கம் கரண்ட் இருந்தது, பின்னால் இல்லை. ஜெபராணி சுற்றிய சரத்துக்குள்தான் கோளாறு. எந்த இடம் என்பதும் சாலமோனுக்குத் தெரிந்துவிட்டது. பிரேக் லைட்டுக்குப் போகும் சிவப்பு வயர் நீளம் போதாமல் டிரைவர் சீட் ஓரத்தில் அவர் ஒட்டுப் போட்டிருந்தார். ஸ்கேன் ரிசல்ட் வாங்க வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்த நாள் அது. ஈயம் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்காமலே, சுற்றச் சொல்லிவிட்டார்.

பிரிக்க மனம் வரவில்லை. சரத்துக்கு வெளியே தனியாக ஒரு வயரை இழுத்து இணைத்தார். லைட் எரிந்தது. மேலே கார்பெட் வரும், யாருக்கும் தெரியாது என்றார் ஜெயக்குமார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் சாலமோன் முதல் வேலையாக அந்த வயரைப் பிடுங்கினார். டிக்கிக்குப் போகும் துளையில் இருந்த ரப்பர் புஷ்ஷை அவள் சரமே அடைத்திருந்தது. புது வயர் தகட்டின் விளிம்பை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட ஓட அதன் தோல் கிழியும், நெருப்பு பிடிக்கும். மேலே கல்யாணப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சாண் நீளம் பிரித்தால் போதும். நுனியைப் பிடித்து, அறுக்காமல் சுருள் சுருளாக எடுக்கத்தான் பார்த்தார். பசை இறுகிப்போய் வரவில்லை. பிளேடை எடுத்து அறுத்தார். உள்ளே அவர் போட்ட ஒட்டு விட்டுக் கிடந்தது.

"ராணி, என் வேலதான் வுட்டுப்போச்சு. உன்னுது இல்ல" என்றார்.

வண்டியை எடுத்துப்போக வந்து காத்திருந்த ஜெயக்குமார் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒட்டைத் திரும்பப் போட்டு, இழுத்துப் பார்த்து, டேப் சுற்றினார். மேடு தட்டியது. பிரித்துச் சுற்றினார். மறுபடியும் மேடு. அப்படியே விட்டுக் கிளிப் போட்டார்.

கல்யாணத்தன்று அந்தக் கார் ஆரணி முழுக்கச் சுற்றி வந்ததாம். சாலமோனையும் பத்திரிகை வைத்துத்தான் அழைத்திருந்தார்கள். அவர் போகவில்லை.

அறுத்தெடுத்த டேப் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு அழுக்கு உருண்டையாகிவிட்டது. அதைக் குப்பையில் போட முடியாமல் கடை மேசை மேல் வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த மகள் ரீனா, அப்பா இப்படித் தூசியில் கிடக்கிறாரே என்று கடையைக் கூட்டிப் பெருக்கியபோது அதையும் சேர்த்து வாரிக் கொட்டிவிட்டாள். அவர் வந்து பார்ப்பதற்குள் குப்பை வண்டி போய்விட்டது. மகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அன்றைக்குக் கடையைத் திரும்பத் திறக்கவில்லை.

இப்போது பேட்டரி, ஹாரன், பல்ப் என்று சில்லறை வேலைதான் பார்க்கிறார். சமீபத்தில் சேத்துப்பட்டிலிருந்து ஒருவர் பழைய ஃபியட்டில் வந்து, வயரிங் முழுசாக மாற்ற வேண்டும் என்றார். வேலூரில் ஒரு கடையைச் சொன்னார் சாலமோன். உங்கள் பேரைச் சொல்லித்தானே அனுப்பினார்கள் என்று வந்தவர் விடாமல் கேட்டார்.

"என் சம்சாரம் செத்துட்டாங்க. இப்ப அந்த வேல எடுக்கறதில்லீங்க."

அந்தக் குறுகிய ரோட்டில் வந்தவருக்கு வண்டியைத் திருப்ப வரவில்லை. சாலமோன் கடையிலிருந்து இறங்கிப் போய் நடுரோட்டில் நின்றார். எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திவைத்து, ஃபியட் திரும்பிப் போகும் வரை அங்கேயே நின்றார்.