ஆமி விடாத காணி

பரராசசிங்கத்தாரைப் போல அரசாங்கத்துக்குப் பயந்த மனிதரை ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் காணமுடியாது. ஈ காக்காய் இல்லாத ஞாயிற்றுக்கிழமைத் தெருவிலும் பச்சை விளக்கு எரியும்வரை நின்றுதான் கடப்பார். அகதியாக வந்த காலத்தில் விசாவுக்காக வாசல் வாசலாகக் குனிந்து நின்ற முதுகு அது, பிறகு நிமிர மறந்துவிட்டது. அந்தப் பயம்தான் மனிதரைக் கெடுத்தது.

ஊரில், வசாவிளானில், அவருடைய கல்வீட்டை ராணுவம், அதுதான் ஆமி, எடுத்தது தொண்ணூறாம் ஆண்டு. கம்பிவேலி போட்டு, உயர் பாதுகாப்பு வலயம் என்று பலகையும் நட்டார்கள். "ரெண்டு மாசத்திலை விட்டிடுவாங்கள்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், இங்கே மட்டைப்பெட்டி செய்யும் கொம்பனியில் வேலை செய்து, மகளைக் கட்டிக்கொடுத்து, பென்சனும் எடுத்துவிட்டார். ஆமி விடவில்லை. மனைவி சுந்தரேஸ்வரிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. நொய்ஸ் நகரில் அவர்கள் இருந்த வாடகை வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "சாகிறதுக்கு முந்தி, படி இல்லாமல் வாசலாலை போய்வர ஒரு வீடு கிடைச்சால் காணும்" என்பார். வேறொன்றும் கேட்கவில்லை, பாவம் அந்த மனுசி.

நகருக்கு வெளியே, ரைன் ஆற்றுப் பக்கம், பரராசசிங்கத்தார் ஒரு துண்டுக் காணி வாங்கினார். கட்டட வேலைக்காரர் வருவதற்கு முன்பே ஐயரைக் கூட்டிவந்து, நாள் பார்த்து, அத்திவாரக் கல்லு வைக்க ஈசான மூலையில் தன் கையாலேயே கிடங்கு வெட்டினார். மண்வெட்டியில் ஏதோ தட்டியது. சிவந்த, மினுங்கும் கிண்ணத்தின் உடைசல் ஒன்று. அதற்குக் கீழே குதிரைக் கடிவாளத்தின் துருப்பிடித்த இரும்பு.

"மூடுங்கோ," என்றார் சுந்தரேஸ்வரி.

"பழஞ்சாமான் கண்டால் அறிவிக்கவேணும், மூடினால் சட்டப்படி பிழையப்பா."

"ஆருக்குத் தெரியப்போகுது? கும்பத்தோடை சேர்த்து மண்ணைத் தள்ளுங்கோ. நல்ல நேரம் போகுது."

ஐயர்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், தான் ஒன்றும் காணவில்லை என்பதுபோல. பரராசசிங்கத்தார் மண்வெட்டியைக் கீழே வைத்தார். உடைசலைத் துவாயில் சுற்றி நகரசபைக்குக் கொண்டுபோனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஒரு நன்றி சொல்வார்கள், அடுத்த நல்ல நாளில் கல்லு வைக்கலாம் என்று நினைத்தார். நன்றி சொன்னார்கள். பிறகு வந்து காணியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள்.

தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஹோல்ட்காம்ப் என்றொரு பெண் வந்தார். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. காணிக்குக் கீழே ரோமாபுரியின் குதிரைப்படை முகாம் இருக்கிறதாம். மேல் அடுக்கு நீரோ மன்னன் காலம், தோண்டத் தோண்ட அவனுக்கு முந்திய மன்னர்களின் காலம். பரராசசிங்கத்தார் நாள் தவறாமல் பஸ் ஏறிப்போய் வேலிக்கு வெளியே நின்றார். பின்னேரம் மூச்சிரைக்கப் படியேறி வந்தால் மனைவி கேட்பார்:

"இண்டைக்கு எந்த ராசா?"

"நீரோ முடிஞ்சுது. இனிக் கிளோடியஸ்."

"அவனெண்டாலும் நல்லவனோ?"

"நீரோவைப் போல விசரன் இல்லையாம்."

"ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன! எங்கடை காணியிலை குதிரை கட்டினவன்தானே!"

பனி கொட்டி வேலை நின்றது. வெயில் வந்து மறுபடி தொடங்கியது. கிளோடியஸ் போனான். கலிகுலா போனான், கொஞ்சக் காலம்தான் ஆண்டானாம், மண்ணிலும் அவன் பங்கு மெல்லிசு. திபேரியஸும் போனான். ராசாக்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், ஆமி மட்டும் போகவில்லை.

கடைசியாக, அகஸ்டஸின் மண்ணுக்கும் கீழே, கரியும் சாம்பலும் தெரிந்தன. வட்ட வட்டமாகக் கறுத்த அடையாளங்கள்.

"தூண் நட்ட குழிகள்," என்றார் ஹோல்ட்காம்ப். "ராணுவம் வருவதற்கு முன்பு இங்கே ஒரு குடும்பம் வீடு கட்டி இருந்திருக்கிறது."

"அவர்களுடைய பெயர்?" என்று தன் உடைந்த ஜெர்மனில் கேட்டார் பரராசசிங்கத்தார்.

"அதெல்லாம் தெரியாது."

"எங்கே போனார்கள்?"

அந்தப் பெண் கையை விரித்தார். "ஊரோடு கிளப்பி வேறிடத்தில் குடியேற்றியிருப்பார்கள். ரோமர்கள் அப்படிச் செய்வதுண்டு."

அடப் பாவிகளா! நீரோ பாட்டுப் பாடினதுவரை தெரிந்து வைத்திருக்கிறார்கள், இந்த வீட்டில் அடுப்பு மூட்டினவளின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மனிதருக்கு நெஞ்சு எரிந்தது. குழிகளுக்கு நடுவே வாசல் எதுவென்று கண்ணால் தேடினார். கிழக்குப் பக்கம் இருந்தது. தன் வீட்டுக்கும் அங்கேதான் வாசல் வைக்க நினைத்திருந்தார்.

பிறகு முடிவு வந்தது. இது அருமையான முகாம், இதன்மேல் வீடு கட்ட விடமுடியாது, நகரசபையே எடுத்துச் சனங்களுக்குக் காட்டும். அவருக்கு வேறொரு பக்கத்தில் மாற்றுக் காணி பார்த்துத் தரப்படும், கொஞ்சம் பொறுக்கவேண்டும். மாற்றுக் காணி! வசாவிளானுக்கும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

சுந்தரேஸ்வரி அழவில்லை. "உங்களுக்கு ஆமிக்காரனுக்குக் காணி குடுத்துக் குடுத்தே பழகிப்போச்சு," என்று மட்டும் சொன்னார். அங்கே பறித்தார்கள். இங்கே துவாயில் சுற்றிக் கொண்டுபோய் மனிதர் தன் கையாலேயே அல்லவா கொடுத்தார்?

திறப்பு விழாவுக்கு இருவரையும் அழைத்தார்கள். பலகையில் ராசாக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, அடியில் கிடந்த வீட்டைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. பெருந்தன்மையான காணிக்காரர் என்று சொல்லி மேயர் கைகொடுத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"பேரரசர்களின் வீரர்கள் உங்கள் நிலத்தில் இருந்திருக்கிறார்கள். என்ன நினைக்கிறீர்கள்?"

பரராசசிங்கத்தார் கம்பிவேலியைப் பார்த்தார். ஊருக்கு ஃபோன் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"எப்போது காணியை விடுவார்களாம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேயருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனிதர் பகிடி விடுகிறார் என்று நினைத்தார்கள்.

சுந்தரேஸ்வரி சிரிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்தார்.

"வாங்கோ, பஸ் போகப்போகுது. எனக்குப் படியேறவும் நேரம் வேணும்."