முதலீட்டாளர்கள் முன்னால் என் சாவு

செத்தவராக யாரைக் காட்டுவது என்பதில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பித்தது.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆயுள் காப்பீடு விற்கும் செயலி ஒன்றை எங்கள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய முதலாளி, சென்னை வாடகைக்குப் பயந்து தஞ்சாவூரில் அலுவலகம் போட்டிருந்தார். மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முதலீட்டாளர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் தலையாட்டினால் கம்பெனி இருக்கும், இல்லாவிட்டால் எல்லோரும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். படங்களைப் போட்டு அவர் பேசுவார். கடைசியில் செயலியை நேரடியாக இயக்கிக் காட்டுவது என் வேலை. ஒருவர் இறந்ததாகப் பதிந்த உடனே நாமினியின் போனுக்குச் செய்தி போகும். அவர் 1 என்று பதில் அனுப்பினால் பணம் கணக்கில் ஏறும். அதுதான் எங்கள் பெருமை.

பொய்ப் பெயரைச் செயலி ஏற்காது, உண்மையான பாலிசி வேண்டும். ஊழியர்கள் எல்லோருக்கும் கம்பெனியே ஒரு பாலிசி எடுத்திருந்தது. ஆனால் கேட்டதும் ஆளாளுக்கு நழுவினார்கள். ஒருவர் மனைவி மாசமாக இருக்கிறாள் என்றார். இன்னொருவர் மாலை போட்டிருந்தார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள், தங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'மறைந்தார்' என்று வருவதற்கு நடுங்கினார்கள். நான் வீம்புக்கு, என்னையே போடுங்கள் என்றேன். சொன்னேனே தவிர உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. என் நாமினி அம்மா. அவள் எண்ணை மாற்றி அலுவலக போனின் எண்ணைப் போட்டுவைத்தோம். அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டிருந்தால் வேலையையே விடச் சொல்லியிருப்பாள்.

ஓட்டல் ஹாலில் முதலாளி நன்றாகவே பேசினார். அவர் உத்தரவுப்படி, அலுவலக போனைத் தவிர எல்லோருடைய போனும் அணைந்திருந்தது. என் முறை வந்ததும் பட்டனை அழுத்தினேன். திரையில் என் புகைப்படம், பக்கத்தில் 'மறைந்தார்'. அடுத்த நொடி 'செய்தி அனுப்பப்பட்டது' என்று வந்தது. சிலர் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் அலுவலக போனை வைத்துக்கொண்டிருந்த நண்பர் 1 அனுப்ப வேண்டும். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். திரையில் 'நாமினியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, செய்தி போன எண்ணின் கடைசி இலக்கங்கள். அவை அம்மாவுடையவை. நாங்கள் மாற்றிய எண் எங்கேயோ பதியாமல் போயிருக்கிறது.

அம்மா நன்னிலத்தில் தனியாக இருக்கிறாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். முதலாளி பக்கத்தில் வந்து, "பேசிக்கிட்டே இருங்க, வந்துடும்" என்றார்.

"எங்கம்மாவுக்குப் போயிடுச்சு சார்."

அவருக்குப் புரியவில்லை. சபைக்கு ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஒருவர் சிரித்தார். நான் மேடையை விட்டு இறங்கி ஓடினேன்.

வாசலில் போனை உயிர்ப்பித்தபோது, அம்மா ஒரே ஒரு முறை அழைத்திருந்தது தெரிந்தது. அந்த ஒரு முறைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மகனைப் பற்றி அப்படி ஒரு செய்தி வந்தால் எந்த அம்மாவாவது ஒரு தடவையோடு நிறுத்துவாளா? திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் எடுக்கவில்லை, களையெடுப்புக்குப் போயிருப்பார்கள். முதலீட்டாளர்களுக்காக அமர்த்திய காரில் ஏறிக்கொண்டேன்.

கும்பகோணத்தில் நெரிசலில் மாட்டினோம். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று டிரைவர் கேட்டார். குடவாசல் தாண்டும் வரை அம்மா எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா விழுந்து கிடப்பாள், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே மனது அடித்துக்கொண்டது. தெருவுக்குள் திரும்பியதும் வாசலில் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டத்தில், ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அருகில் போய் உட்கார்ந்ததும் என் முழங்கையை அழுத்திப் பார்த்தாள். ஆபீஸ், நிகழ்ச்சி, எண் மாறிய கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"உனக்குப் போட்டேன். ஆஃப்னு வந்துச்சு. அப்புறம் அதைத் தொடவே பயமா இருந்துச்சுப்பா, மூடி வச்சுட்டேன். அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அடித்தது நான்தான் என்றேன். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஒண்ணு அமுத்துங்கன்னு போட்டிருந்துச்சு. அமுத்தினா நெசமாயிடும்ல? யார்கிட்டயாவது சொன்னாலும் நெசமாயிடும். அதான் அமுத்தாம, சொல்லாம உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். அப்போது முறத்துக்கு அடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. பதில் வராவிட்டால் நினைவூட்டல் போக வேண்டும் என்று செயலியில் எழுதியவர்கள் நாங்கள்தான். நான் கையை நீட்டினேன்.

அருகிலேயே உட்கார்ந்திருந்த என்னை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"எடுக்காதே."